சத்தம் போடாத கோப்பை

கண்காட்சி திறக்க வேண்டிய நாள். காலையில் பிரியந்தி கலைக்கூடத்தின் கதவைத் திறந்தபோது பெரிய சுவரில் வெறும் மூங்கில் கழிதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் கட்டியிருந்த ஷாமிலாவின் துணியைக் காணவில்லை.

கலைக்கூடத்தின் சொந்தக்காரர் குகநேசன் பொலிசுக்குப் போகவில்லை. நுவரெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்த நாகலெட்சுமிக்குப் போன் செய்தார். நாகலெட்சுமி பல வருடம் ஒரு இன்சூரன்ஸ் கம்பனிக்காகப் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள். யார் பேசினாலும் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். அவளோடு வந்து இறங்கியவன் பிரதாப். அவளுடைய வேனுக்குச் சாரதி, அவளுக்கு உதவியாளன், கேட்காவிட்டாலும் கருத்துச் சொல்பவன்.

வெறும் கழியை அண்ணாந்து பார்த்துவிட்டு அவன் சொன்னான்: “ஒரு துணி காணாமப் போனதுக்கு இத்தன பேர் நிக்கிறாங்க அக்கா. டயகமயில கொடியில கெடந்த என் சட்டை போனப்ப நான் ஒருத்தன்தான் நின்னேன். அதுவும் சட்டை இல்லாம.”

“வாய மூடிக்கிட்டு கண்ணத் தொற,” என்றாள் நாகலெட்சுமி.

குகநேசன் விஷயத்தைச் சொன்னார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஓவிய ஆசிரியராக மலைநாட்டுக்கு வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். பழைய தோட்டத் துரையின் பங்களாவைத் திருத்தி இந்தக் கலைக்கூடத்தை அமைத்திருந்தார். கண்காட்சி அவருடைய மாணவிகள் இரண்டு பேருடையது. ஒருத்தி ஷாமிலா. கொழுந்து பறிக்கும் பெண்கள் உடுப்பு நனையாமல் இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்குச் சாக்குகளை வீடு வீடாக வாங்கி, ஒன்றோடொன்று சேர்த்து, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து, அதன்மேல் கறுப்பு நூலால் பெண்களின் முகங்களைத் தைப்பவள். கொழும்பு, சென்னை என்று அவளுடைய துணிகள் போய்வந்துவிட்டன. இன்னொருத்தி சுலக்ஷனா. ஹட்டனில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி, மிஞ்சிய நேரத்தில் எண்ணெய் வர்ணத்தில் படம் வரைபவள். இரண்டு பேரும் றொசல்லப் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்து, ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

கொழும்பில் நடக்கப்போகும் ஓவியச் சந்தைக்கு மலைநாட்டிலிருந்து ஒரே ஒரு பெண் கலைஞரைத் தெரிவு செய்ய, மாலை நாலு மணிக்கு ஒரு அம்மா வரவிருந்தார். ஷாமிலாவின் துணியைப் பத்திரிகையில் பார்த்துவிட்டுத்தான் அவர் வருவதாகவே பேச்சு. அந்தத் துணியைப் பார்த்தாலே தனக்கு வயிறு எரிகிறது என்று போன வாரம்தான் சுலக்ஷனா எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தாள். கதவு உடையவில்லை. படங்களை மாட்டுவதற்காக இரண்டு பேரிடமும் ஆளுக்கொரு சாவி கொடுக்கப்பட்டிருந்தது. முந்தின நாள் மாலை சுலக்ஷனா ஒரு பெரிய மூட்டையோடு ஆட்டோவில் ஏறிப் போனதைக் கலைக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரியந்தி கண்டிருந்தாள். அதை அவள் சிங்களத்தில் கையை அகல விரித்துக் காட்டினாள்.

குகநேசன் குரலைத் தாழ்த்தினார். “பொலிசுக்குப் போனால் அந்தப் பிள்ளையின்ர வாழ்க்கை முடிஞ்சிடும். ஆனா நாலு மணிக்குள்ள துணி வராட்டி, அவவின்ர படங்களை நான் சுவரில வச்சிருக்கேலாது. கள்ளியெண்ட பெயரோட ஒருத்தியைக் காட்சிக்கு வைக்கிறதெப்பிடி?”

ஷாமிலா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. விரல் நுனியெல்லாம் ஊசித் தழும்பு. சுலக்ஷனாவின் புதிய படத்தை மறுபடி சுவரில் மாட்ட விடாதீர்கள் என்று அவள் நாகலெட்சுமியிடம் இரண்டு தடவை கேட்டாள். காலையிலேயே அவள் கேட்டதற்காகக் குகநேசன் அதை ஏற்கனவே இறக்கி, சுவர் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்திருந்தார். யாரோ ஒரு வயதான பெண்ணின் படம் என்று மட்டும் சொன்னார்.

நாகலெட்சுமி மூங்கில் கழிக்குக் கீழே குந்தினாள். துணியைக் கழியோடு சேர்த்துக் கட்டியிருந்த நைலோன் கயிறுகள் தரையில் கிடந்தன. ஒவ்வொன்றும் வளையமாகச் சுற்றி, ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தது. ஒன்றுகூட வெட்டப்படவில்லை.

சுலக்ஷனா பின்னறையில் தனியாக இருந்தாள். காலையில்தான் முதல் பஸ்ஸில் திரும்பி வந்திருந்தாள். வந்தவுடன் எல்லோரும் தன்னைப் பார்த்த பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது என்றாள்.

“உங்களுக்கு அவங்க மேல பொறாமையா?” என்று நேராகக் கேட்டாள் நாகலெட்சுமி.

“ஆமா. ஆறேழு வருசமா. அவ போன் எடுத்து ஒரு நல்ல சேதி சொல்லுவா. நானும் சந்தோசமா பேசிட்டு வச்சிருவேன். அப்புறம் போயி பாத்திரம் கழுவுவேன். கழுவுன பாத்திரத்தயே திரும்பக் கழுவுவேன்.”

“துணிய எடுத்தீங்களா?”

“அவகிட்ட இருந்து ஒன்ன எடுத்தேன். துணிய இல்ல.”

மூட்டையை எங்கே கொண்டு போனாள் என்று கேட்டதற்கு, இதில் இன்னொருவரை இழுக்க மாட்டேன் என்றாள். பிரதாப் தன் சோற்றுப் பார்சலை எடுத்து, முடிச்சு இறுகிவிட்டது, கொஞ்சம் அவிழ்த்துத் தருகிறீர்களா என்று அவளிடம் நீட்டினான். அவள் யோசனையில்லாமல் வாங்கினாள். அவளுடைய நகங்கள் சதை தெரியும் அளவுக்குக் கடிக்கப்பட்டிருந்தன. முடிச்சு அவள் விரலில் வழுக்கியது. கடைசியில் பல்லால் கடித்து இழுத்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

வெளியே வந்ததும் பிரதாப் சொன்னான்: “பொறாமைய ஒத்துக்கிட்டவங்கள நான் சந்தேகப்பட மாட்டேன் அக்கா. அப்படி ஒத்துக்கிட்ட ஒருத்தர நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்.”

“மனசப் பாத்து நான் யாரயும் விடுறதில்ல. நகத்தப் பாத்தேன். அந்தக் கயிறுகள அந்தக் கை அவுக்கல.”

“அப்ப கேஸ் முடிஞ்சிச்சா?”

“மூட்டை இருக்கே. நாம நம்பினா போதாது, அந்த ஐயாவும் நம்பணும்.”

பிரியந்தி அவர்களைத் தேநீர் குடிக்காமல் போக விடவில்லை. கூடத்தின் நடுவில் நீண்ட மரமேசை. திறப்பு விழாவுக்காக வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. பிரதாப் இரண்டே மடக்கில் குடித்துவிட்டு வழக்கம்போலக் கோப்பையை அடித்து வைத்தான். சத்தமே வரவில்லை.

“இங்க கோப்பைகூட மரியாத தெரிஞ்சதா இருக்கு அக்கா,” என்றான்.

நாகலெட்சுமி கோப்பையை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்தாள்.

சுலக்ஷனாவை ஏற்றிப் போன ஆட்டோக்காரர் பிரதாப்புக்குத் தெரிந்தவர்தான். மூட்டையோடு அவளை நானுஓயா ஸ்டேசனில் இறக்கிவிட்டதாகவும், வழியெல்லாம் போனில் றொசல்லயில் இறங்கி வருவதாக யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்ததாகவும் அவர் சொன்னார். ரயிலுக்குக் காத்திருக்க நேரமில்லை. வேனிலேயே கிளம்பினார்கள். தலவாக்கலையில் மழை பிடித்துக்கொண்டது. ஹட்டனைத் தாண்டும்போது ஏற்றத்தில் வேன் இருமியது. வேனுக்கு மலைக்காய்ச்சல், இறக்கத்தில் தானாகக் குணமாகிவிடும் என்றான் பிரதாப்.

றொசல்லயில் ரயில் பாதைக்கு மேலே இருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தில், படம் வரைகிற பிள்ளை வந்த வீடு எது என்று கேட்டதும், ஞாயிறுதோறும் வருமே என்று கடைசி வீட்டைக் காட்டினார்கள். கதவைத் திறந்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒல்லியான பெண். பெயர் பேச்சியம்மா. நுவரெலியா கலைக்கூடத்திலிருந்து வருகிறோம் என்றதும் உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

மூட்டை கட்டிலின் மேலேயே கிடந்தது. நாகலெட்சுமி கேட்டதும் பேச்சியம்மா தயங்காமல் அவிழ்த்துக் காட்டினார். ஒரு சிவப்புச் சேலை, ஒரு தடித்த கம்பளி, ஒரு தலையணை. எல்லாம் அவருடையவை. படத்தை வரைந்து முடிக்கும் வரைக்கும் சுலக்ஷனா கொண்டுபோயிருந்தாள். நேற்று மாலை திருப்பிக் கொண்டு வந்தவள், பேசிக்கொண்டே இருந்துவிட்டு இரவு இங்கேயே தூங்கி, விடியற்காலையில் புறப்பட்டுப் போயிருந்தாள். இதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணும் வந்து உறுதிப்படுத்தினாள்.

நாகலெட்சுமியின் கண் சுவருக்குப் போனது. கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு பத்திரிகைப் படம். அதில் துணியின் முன்னால் நின்றுகொண்டிருந்தவள் ஷாமிலா.

“எம் மகதான்,” என்றார் பேச்சியம்மா.

பிரதாப் எதையோ சொல்ல வாயெடுத்து, முதல் தடவையாகத் தானே மூடிக்கொண்டான்.

மகளுக்கு இதெல்லாம் தெரியுமா என்று நாகலெட்சுமி மெதுவாகக் கேட்டாள். நேற்று வரைக்கும் தெரியாது என்றார் பேச்சியம்மா. படம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்களாம். மகளும் தனக்கு முன்னால் மாதிரியாக உட்காரச் சொல்லிக் கேட்டதுண்டு. ஒரு தடவை உட்கார்ந்து பாதியில் எழுந்துவிட்டார்.

“அது எப்ப வந்தாலும் நூலும் துணியுமா வரும். கஷ்டத்தத்தான் கேக்கும். எத்தன மணிக்கு மலைக்குப் போனீங்க, எங்க விழுந்தீங்க, எப்ப பட்டினி கெடந்தீங்க. தச்சி வச்சிருக்க பொம்பளைங்க எல்லாம் அழுவுதுங்க. நான் என்ன எந்நேரமும் அழுதுகிட்டா இருந்தேன்? சுலக்ஷனாதான், எப்ப எப்ப சிரிச்சீங்கன்னு கேட்டுச்சி.”

வயசுப் பெண்ணாக இருந்தபோது, கத்திக்கொண்டே இருந்த தோட்ட மேற்பார்வையாளர் கண்டாக்கையாவின் தொப்பிக்குள் அட்டைப்பூச்சியை விட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்து, முடிக்க முடியாமல் சிரித்தார். பிரதாப்பும் சிரித்தான். நாகலெட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. படத்தை மாட்டியாகிவிட்டதா, எல்லோரும் பார்க்கிறார்களா என்று பேச்சியம்மா கேட்டார். அது சுவர் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்ல நாகலெட்சுமிக்கு வாய் வரவில்லை. நீங்களே வந்து பாருங்கள் என்றாள். பேச்சியம்மா அந்தச் சிவப்புச் சேலையையே கட்டிக்கொண்டு வேனில் ஏறினார்.

திரும்பும் வழியில் அவர் பின் இருக்கையில் தூங்கிப்போனார். நாகலெட்சுமி தணிந்த குரலில் கேட்டாள்: “காலைல ஷாமிலா நம்மகிட்ட என்ன கேட்டாங்க?”

“சுலக்ஷனாவோட படத்தத் திரும்ப மாட்ட விடாதீங்கன்னாங்க.”

“அப்புறம்?”

“திரும்பவும் அதத்தான் சொன்னாங்க.”

“துணியக் கண்டுபிடிச்சிக் குடுங்கன்னு?”

பிரதாப் யோசித்தான். வைப்பரைப் போட்டான். “ஒரு தடவகூடச் சொல்லலையே அக்கா.”

“பொறாமையில எடுக்குறவங்க வெட்டி எடுப்பாங்க, கிழிப்பாங்க. இங்க ஒவ்வொரு முடிச்சா அவுத்து, கயித்தச் சுத்தி வச்சிருக்கு. அந்தத் துணிக்கு ஒரு நூல்கூடப் போகக் கூடாதுன்னு நெனைக்கிற கை அது.”

மூன்று மணிக்குக் கொஞ்சம் பிந்திக் கலைக்கூடத்தை அடைந்தார்கள். பேச்சியம்மாவைச் சற்று நேரம் வேனிலேயே வைத்திருக்கும்படி பிரதாப்பிடம் சொல்லிவிட்டு நாகலெட்சுமி தனியாக உள்ளே போனாள். முதல் வேலையாக, சாய்த்து வைத்திருந்த படத்தைத் திருப்பினாள்.

சிவப்புச் சேலையில் பேச்சியம்மா. தலை பின்னால் சாய்ந்திருந்தது, கண்கள் இடுங்கியிருந்தன, விழுந்த பல்லின் இடைவெளி தெரிந்தது, பக்கத்தில் இருப்பவர் முதுகில் தட்டப்போவதுபோல ஒரு கை உயர்ந்திருந்தது. சிரிப்பு சட்டத்துக்கு வெளியே வந்துவிடும் போலிருந்தது. குகநேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஷாமிலா ஜன்னல் பக்கமே திரும்பி நின்றாள்.

சுலக்ஷனா இரவு எங்கே இருந்தாள் என்பதை நாகலெட்சுமி சொல்லவில்லை. சம்பந்தமில்லாததுபோல ஒன்றைக் கேட்டாள். இந்தத் தேநீர் மேசையை ஒழுங்குபடுத்தியது யார்? தான் காலையில் வந்தபோதே வெள்ளை விரிப்பு விரித்திருந்தது, ஐயா செய்திருப்பார் என்று நினைத்தேன் என்றாள் பிரியந்தி. குகநேசன் தலையை ஆட்டினார். அவர் பிரியந்தி செய்ததாக நினைத்திருந்தார்.

நாகலெட்சுமி ஒரு கோப்பையை எடுத்து மேசையில் வைத்தாள். சத்தமில்லை. பிறகு ஷாமிலாவின் அருகில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

“நீங்களே எடுக்குறீங்களா, நான் எடுக்கவா?”

ஷாமிலா நடந்து வந்து, கோப்பைகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு நகர்த்தி, வெள்ளை விரிப்பைத் தூக்கினாள். அதன் கீழே அவளுடைய துணி, தைத்த முகங்கள் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து விரிக்கப்பட்டிருந்தது. குகநேசன் ஏதோ சொல்ல வந்தார். நாகலெட்சுமி கையைக் காட்டி நிறுத்தினாள். பின்னறை வாசலில் சுலக்ஷனா வந்து நின்றதை ஷாமிலா பார்த்தாள். பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நேத்து சாயங்காலம் அந்தப் படத்தத் தொறந்து காட்டுனா. நான் எங்கம்மாவ பத்து வருசமா தைக்கிறேன். அந்தச் சிரிப்ப நான் பாத்ததே இல்ல. என் அம்மா. எனக்கு உக்காராத அம்மா.” சுவரோரம் இருந்த படத்தைக் கையால் காட்டினாள். “என் துணியும் அதுவும் எதிரெதிரா தொங்குறத என்னால பாக்க முடியல. துணி காணாமப் போனா அவளத்தான் சொல்லுவாங்கன்னு தெரியும். அவ படத்தக் கழட்டிருவாங்கன்னும் தெரியும். தெரிஞ்சிதான் செஞ்சேன். விடியக்காலம் வந்து அவுத்தேன்.”

வெளியே மழை விட்டிருந்தது. நாகலெட்சுமிதான் சுலக்ஷனாவிடம், பொலிசுக்குப் போவதென்றால் போகலாம், சாட்சி சொல்லத் தானும் வருவதாகச் சொன்னாள்.

சுலக்ஷனா அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. “உனக்கு என் மேல பொறாமையா?” என்று ஷாமிலாவிடம் கேட்டாள்.

“ஆமா.”

“இன்னொரு தடவ சொல்லு.”

“பொறாமைதான். இப்பவும் இருக்கு. நாளைக்கும் இருக்கும்.”

சுலக்ஷனாவின் முகத்தில் கோபமும் வேறு ஏதோ ஒன்றும் மாறி மாறி வந்தன. காலையிலிருந்து தன்னைக் கள்ளி என்று நினைக்க விட்டதை மன்னிக்க நாளாகும் என்றாள். இப்போது சொன்னதைப் பிரியந்திக்கும் புரியும்படி சிங்களத்தில் ஒரு தடவை சொல்ல வேண்டும், அது போதும் என்றாள். ஷாமிலா சொன்னாள். பிறகு சுலக்ஷனா போய் மூங்கில் கழியின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கட்டு. நான் புடிக்கத்தான் முடியும். எனக்கு நகம் இல்ல.”

குகநேசன் சிவப்புச் சேலைப் படத்தைத் திரும்ப மாட்டினார், பிரதாப் பேச்சியம்மாவை உள்ளே கூட்டி வந்தான். கொழும்பு அம்மா நாலு மணிக்குச் சரியாக வந்தார். சிவப்புச் சேலைப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று, நன்றாக இருக்கிறது என்றார். படங்குத் துணியின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஓவியச் சந்தைக்கு ஷாமிலாவைத்தான் தெரிவு செய்திருப்பதாகக் குகநேசனிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஊருக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். ஷாமிலாவை யாரும் தோற்கடிக்க வரவே இல்லை. அவள்தான் ராத்திரி முழுக்கத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

சுலக்ஷனா குகநேசனுக்கு நன்றி சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். வருத்தமா என்று பிரதாப் கேட்டான். இருக்காதா என்றாள். ஆனால் இந்த ஆறேழு வருடத்தில் இன்றைக்குத்தான் வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவாமல் படுக்கப் போவதாகவும் சொன்னாள். ஹட்டன் வரைக்கும் வேனில் விடுகிறேன், ஏற்றத்தில் மட்டும் இறங்கித் தள்ள வேண்டும் என்றான் அவன்.

உள்ளே பேச்சியம்மா தன் படத்தை நன்றாகப் பார்த்து முடித்திருந்தார். பார்க்க வந்தவர்கள் இரண்டு பேரிடம் அது தான்தான் என்று சொல்லியும் விட்டார். பிறகு மெல்ல நடந்து மகளின் துணிக்கு முன்னால் வந்து நின்றார். காலையிலிருந்து நடந்ததை நாகலெட்சுமி அவரிடம் சொல்லவில்லை. ஷாமிலா சொல்லியிருந்தாள்.

“இதுல நான் எங்க இருக்கேன்?” என்று கேட்டார்.

ஷாமிலா நடுவில் இருந்த ஒரு முகத்தைத் தொட்டுக் காட்டினாள். பேச்சியம்மா கிட்டப் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“மூக்கு சரியாத்தான் இருக்கு.”

ஷாமிலா சிரிக்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றுகொண்டே கேட்டாள்: “எனக்கும் ஒரு நாள் உக்காருறீங்களாம்மா?”

பேச்சியம்மா சேலை முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

“சந்தை முடிஞ்சதும் ஊசி நூலெல்லாம் கொழும்புலயே வச்சிட்டு வா,” என்றார். “மொதல்ல சும்மா வா.”